'வீட்டில் வாய்ப்பாடு படிக்க வைக்கவும்': யாருடைய வீட்டில்?

கோவையில் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் காலனியில், நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கணக்குப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரே வரி: 'வீட்டில் வாய்ப்பாடு படிக்க வைக்கவும்.' அதன் கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் பெருவிரல் ரேகை.

அவள் அம்மா தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன்பே துடைப்பத்தோடு கிளம்பிவிடுவார். அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட். பத்துக்குப் பத்து அடி வீட்டில் பகலெல்லாம் அவர் தூங்கவேண்டும் என்பதால், விடுமுறை நாளில்கூடப் பிள்ளை சத்தம் போட்டுப் படிக்க முடியாது. நோட்டைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா சொன்னார்: "எனக்கு அ, ஆ கூடத் தெரியாதுங்க தம்பி. இத நான் எங்கீங்க சொல்லிக் குடுக்கறது?"

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு குழுக்கடன் பக்கம் போனது. "வாரம் எண்ணூத்தம்பது, அம்பது வாரம் கட்டோணும். பத்து வாரத்துக்கு எட்டாயிரத்து ஐநூறுங்க. அத அஞ்சு தடவ கூட்டுங்க, நாப்பத்திரண்டாயிரத்து ஐநூறு. அவிய கையில குடுத்தது முப்பதாயிரம்." பேப்பர் இல்லை, பேனா இல்லை, கால்குலேட்டர் இல்லை. 850ஐ 50ஆல் பெருக்கி, அதிலிருந்து 30,000த்தைக் கழித்து, 12,500 ரூபாய் வட்டிக்கே போகிறது என்று எங்களுக்குச் சொல்லிவிட்டார். பெருக்கல் தெரியாது என்று சற்றுமுன் சொன்ன அதே அம்மா.

அந்தச் சிவப்பு மை வரியை வைத்துக்கொண்டு சில விஷயங்களை நாம் பேசியாக வேண்டும். மாலை வகுப்பு எடுக்கும் தோழர்களும், இனி எடுக்கப்போகும் மாணவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

'வீட்டில்' என்ற சொல்

பிள்ளை வீட்டில் எதைக் கற்கவேண்டும் என்று அரசே சொன்ன காலம் ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி ஆட்சி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளியில் மூன்று மணி நேரம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்கு வீட்டில் தோல், மலம் அள்ளுபவரின் பிள்ளைக்கு வீட்டில் கூடை. அந்தத் திட்டத்தின் 'வீடு' நமக்கு அதுதான்.

அதனால்தான் 'வீட்டில் சொல்லிக்கொடுங்கள்' என்பது நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. படித்த பெற்றோர், மேசை, மின்விசிறி, மாதக் கட்டணத்துக்கு ட்யூஷன் என்று இருக்கும் வீட்டுக்கு அது ஒரு நினைவூட்டல். நம் காலனிக்கு அது ஒரு தீர்ப்பு. ஆண்டுக் கடைசியில் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்றால், 'வீட்டில் கவனிப்பு இல்லை' என்று பழி அம்மா மேல் எழுதப்படும். பள்ளியின் தோல்வி வீட்டின் குற்றமாக மாறிவிடும்.

பள்ளிக்குள்ளும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரம் கிடைக்கிறதா? 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை சுத்தம் செய்யவைத்ததாகப் புகார் வந்தது. பிள்ளைக்கு டெங்கு வந்து, தாய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அந்த டிசம்பரில் தலைமை ஆசிரியர் கைதானார். ஒரு பிள்ளையின் கையில் பிளீச்சிங் பவுடரைக் கொடுக்கும் பள்ளி, அவன் நோட்டில் 'வீட்டில் படிக்க வைக்கவும்' என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்?

கரும்பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு டப்பாக்கள்

கணக்கிலிருந்து நம்மை விலக்கிவைத்தது நேற்று தொடங்கியதல்ல. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடிதான் அடிப்படைப் பாடம். ஒரு பிள்ளை முன்னால் நின்று உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதைக் கேட்டே ஊர்ப்பிள்ளைகளுக்கு மனக்கணக்கு வந்தது. அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடம் இல்லை. விளைந்ததை அளந்தவன், கூலியை அளந்தவன், கடன் பத்திரம் எழுதியவன் எல்லாரும் திண்ணையிலிருந்து வந்தவர்கள். அளந்து போட்டதை வாங்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர்.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையிலும் ஒரு கணக்கு வருகிறது. சாத்தாராவில் படித்தபோது வகுப்பில் தனியாக உட்கார, தனக்கென ஒரு சாக்குத் துணியை வீட்டிலிருந்து எடுத்துப்போனவர் அவர். பிறகு பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் அவரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தார். வகுப்பில் ஒரே கூச்சல். சாதி இந்து மாணவர்கள் ஓடிப்போய்க் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகுதான் அவர் பலகையைத் தொட முடிந்தது. பின்னாளில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் இவர்தான். அந்தப் பலகை வரை அவர் நடந்து போகவேண்டியிருந்த தூரத்தை மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு எதிராக வேலை செய்தவர்களும் இருந்தார்கள். 1894இல் சென்னை அடையாறில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளி, 1920களில் அருந்ததியப் பிள்ளைகளுக்கு எல்.சி. குருசாமி நடத்திய இரவுப் பள்ளிகள் ஆகியவை நம் மாலை வகுப்புகளுக்கு மூத்தவை. வேலைக்குப் போகும் பிள்ளை வரக்கூடிய நேரத்தில் பள்ளி நடக்கவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். பிள்ளை சரியில்லை, வீடு சரியில்லை என்று சொல்லவில்லை.

வாய்ப்பாடு தெரியாததற்கு நாம் கொடுக்கும் விலை

'செல்போனில் கால்குலேட்டர் இருக்கே, எதுக்கு மனப்பாடம்?' என்று சில தோழர்களே கேட்கிறார்கள். புரியாத மனப்பாடத்தை நாங்களும் எதிர்க்கிறோம். ஆனால் கணக்கு கைவசம் இல்லாதவர் எப்படி ஏமாற்றப்படுகிறார் என்பதைக் கொங்குப் பகுதியில் இருந்துகொண்டு மறக்க முடியாது.

சுமங்கலித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் வளரிளம் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் மொத்தமாக வரும் என்பது பேச்சு. 50,000 என்றதும் குடும்பத்துக்கு மலைப்பாக இருந்தது. அதை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,400கூட வராது. அதுவும் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம். இடையில் உடம்புக்கு முடியாமல் வெளியேறினால் அதுவும் கைக்கு வராமல் போன பெண்கள் உண்டு. ஏஜென்ட் வாசலில் நின்று தொகையைச் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தில், 36ஆல் வகுத்துப் பார்க்க ஒருவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஆறு நாள் வேலை செய்தால் 2,016. வங்கிக் கணக்கில் ஏறியது எவ்வளவு, ஏன் குறைந்தது என்று கேட்க, முதலில் அந்த 2,016 மனதில் இருக்கவேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் கணக்கு, பீஸ் ரேட் கணக்கு எல்லாமே பெருக்கல்தான்.

இன்னொன்றும் உண்டு. அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீண்ட போராட்டத்தில் கிடைத்தது அது. ஆனால் அந்த இடத்தில் போய் உட்காரவேண்டிய பிள்ளை நான்காம் வகுப்பிலேயே 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவுகட்டிவிட்டால்? குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 கணக்கும் மனத்திறனும். அந்த 25ஐப் பயந்து விட்டுவிடும் நம் தம்பி தங்கைகளை உங்களுக்கும் தெரியும். அந்தப் பயம் தேர்வு அறையில் பிறப்பதில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தெரியாமல் பெஞ்ச் மேல் நின்ற நாளில் பிறக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1960களில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் பாப் மோசஸ். 1980களில் அவர் கையில் எடுத்த அடுத்த வேலை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா கற்றுத்தருவது. வாக்குரிமை போலவே கணக்கறிவும் குடியுரிமை என்பது அவர் வாதம். போராட்டத்தை விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனார் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்: எங்கள் அனுபவம்

முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் நாங்களும் வாய்ப்பாட்டு அட்டையைக் கையில் கொடுத்து, நாளைக்கு ஒப்பிக்கவேண்டும் என்றோம். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பள்ளியில் கிடைத்த அவமானத்தை மாலையிலும் வாங்க யார் வருவார்கள்? அதன் பிறகு மாற்றிக்கொண்டவை இவை.

ஒன்று, பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் ஒரு பையன் 'செவன் எய்ட் சார் ஃபிப்டி சிக்ஸ்' என்று கடகடவென்று ஒப்பித்தான். முடித்துவிட்டுக் கேட்டான்: "எதுக்குங்கக்கா ஒவ்வொரு தடவையும் நடுவுல சார்னு சொல்லோணும்?" வாத்தியாருக்கு மரியாதை என்று நினைத்திருக்கிறான். 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்றால் ஏழு பேருக்கு ஆளுக்கு எட்டுப் புளியங்கொட்டை என்று அவனே பிரித்து வைத்துப் பார்த்தான். ஆங்கிலத்தில் சொல்வது பிறகு தானாக வரும்.

இரண்டு, நூறு இல்லை, பத்துதான் கஷ்டம் என்று காட்டுங்கள். பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் நூறு கட்டங்கள். பார்த்தாலே பிள்ளைக்குப் பயம். 3×7ம் 7×3ம் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால் நூறு 55 ஆகிவிடும். ஒன்றாம் வாய்ப்பாடும் பத்தாம் வாய்ப்பாடும் எல்லாருக்கும் தெரியும்; மீதி 36. இரண்டு, ஐந்து எளிது, மீதி 21. ஒன்பதுக்குக் கைவிரல் போதும்: 9×4க்கு இடமிருந்து நான்காவது விரலை மடக்கினால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஆறு, 36. இப்போது மீதி 15. அதில் 3×3, 4×4, 6×6, 7×7, 8×8 ஐந்தையும் ஒரு வாரத்தில் பழகிவிட்டால் மிஞ்சுவது பத்தே பத்து: 3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8. இந்தப் பத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தெரிந்ததைப் பிள்ளையே அடித்துக்கொண்டு வரட்டும். 7×8க்கு 5, 6, 7, 8 என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்; 56 = 7×8. மறக்கவே மறக்காது.

மூன்று, பாட்டியைக் கூப்பிடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக, படிக்கு எட்டு ஆழாக்கு. எட்டால் பெருக்குவது என்றால் மூன்று முறை இரட்டிப்பது என்று இதைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்? 8×6: ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு. நாங்கள் வகுப்புக்கு அழைத்துவந்த ஒரு பாட்டி, படியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பண்ணையத்தில் கூலி அளக்கும்போது படி எப்படித் தலைதட்டப்படும், நெல்லைத் திருப்பி வாங்கும்போது எப்படிக் கும்பாரமாக அளக்கப்படும் என்று சொல்லிமுடித்தார். எட்டாம் வாய்ப்பாட்டோடு நம் வரலாறும் அன்றைக்குப் பாடமானது.

நான்கு, விளையாட்டை விடாதீர்கள். பல்லாங்குழியில் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, எழுபது முத்து. முட்டைக்கடை அட்டையில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, முப்பது. தென்னந்தோப்பில் வேலைக்குப் போகும் அப்பாவிடம், வரிசைக்கு எத்தனை மரம், எத்தனை வரிசை என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.

ஐந்து, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது எதற்கும் உதவாது. தவறாகச் சொன்னால் அடிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். 'எப்படிக் கண்ணு கண்டுபிடிச்ச?' என்று கேளுங்கள். 6×7ஐ நாற்பது என்று சொன்ன பிள்ளை, 6×6 முப்பத்தாறு என்று சரியாகத் தொடங்கி, கூட்டலில் சறுக்கியிருப்பாள். அவளுக்குப் பெருக்கல் தெரியும்.

ஆறாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. அம்மாவை விலக்கிவிட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை ஆய்வாளர்கள் 1980களில் கவனித்தார்கள். கடையில் வாங்குபவர் போலக் கேட்டபோது 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்கைப் பேப்பரில் எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம். தேங்காய் விற்ற ஒரு பையன், 35 விலையில் பத்துத் தேங்காய்க்கு, மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350ஐப் பிடித்தான். நம் காலனி அம்மா பத்து வாரக் கடனை ஐந்து முறை கூட்டியதும் இதே வழிதான். அந்த அம்மாவை மறுவாரம் வகுப்பில் பிள்ளைகள் முன்னால் உட்காரவைத்து, கடன் கணக்கைச் சொல்லச் சொன்னோம். நாங்கள் அதைக் கரும்பலகையில் எழுதினோம். 850×10, பிறகு ×5. அவர் மகள் பலகையையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். 'எங்கம்மாவுக்குப் பெருக்கல் தெரியும்' என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள்.

நாம் செய்வது போதுமா?

போதாது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருத் தெருவாக மாலை வகுப்பு எடுத்தார்கள். நம் காலனிப் பெண்களும் எடுத்தார்கள். 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் வந்தது. இரண்டையும் நாங்கள் வரவேற்றோம். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெண்ணின் மாலை நேரத்தை வாங்கிக்கொண்டு, ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பதை வரவேற்க முடியாது.

ஆகவே மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் கையில் இரண்டு நோட்டு இருக்கட்டும். ஒன்றில் பிள்ளைகளின் வாய்ப்பாடு. இன்னொன்றில் பள்ளியின் கணக்கு: எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர், கணக்குப் பாடம் வாரத்தில் எத்தனை நாள் நடந்தது, எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் தண்ணீர் எடுக்கவோ கூட்டவோ அனுப்பப்பட்டாள், எந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த இடம் அது. அந்தக் கூட்டத்துக்கு நம் அம்மாக்களோடு போங்கள். இரண்டாவது நோட்டை அங்கே திறங்கள். பள்ளியில் முடிக்கவேண்டிய வாய்ப்பாட்டைப் பள்ளியிலேயே முடித்துக்கொடு என்று கேளுங்கள்.

இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பிள்ளை தோற்பாள். கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுவாள், வாய்ப்பாடு வராமலே. சொல்லிமட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பள்ளி அடுத்த ஆண்டும் அதே வரியைச் சிவப்பு மையில் எழுதும்.

அந்தப் பெண் பிள்ளையின் சுவரில் ஒட்டிய தாளில் இப்போது இரண்டுதான் மிச்சம்: 6×7, 7×8. நோட்டில் அடுத்த முறை கையொப்பக் கோடு வந்தபோது, அவள் அம்மா கைநாட்டு வைக்கவில்லை. மகள் புள்ளிவைத்துக் காட்டிய ஐந்து எழுத்தின் மேல் பேனாவை ஓட்டித் தன் பெயரை எழுதியிருந்தார். கடைசி எழுத்து கோட்டைவிட்டு வெளியே போயிருந்தது.

மாலை ஆறு மணிக்கு வகுப்பு. உங்கள் ஊர்க் காலனியிலும் ஒரு தெருவிளக்கு இருக்கும். புளியங்கொட்டையோடு போங்கள்.

ஜெய் பீம்.